பொத்தான் இல்லாத வண்டி

1

பாளையங்கோட்டையில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் ஆண்டுக்கொரு மலர் போடுகிறார்கள். அதன் ஆசிரியர், எட்டாம் வகுப்பில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவர், போன வாரம் போன் செய்தார்.

"ஏலே, நீ ஜெர்மனிக்குப் போயி பன்னெண்டு வருசமாச்சு. பனியப் பத்தி மூணு தடவை எழுதிட்டே. தாமிரவருணிய நெனச்சு நாலு தடவை அழுதுட்டே. ஆறு அங்கனயேதான் ஓடுது, நீ அழாத. இந்தத் தடவையாவது படிக்கவனுக்குப் பிரயோசனமா எழுது. புதுசா கார் வாங்குதவன், உள்ளதுலயே சின்னதா, ஒண்ணுமில்லாத அடி மாடலா வாங்கினா குடுத்த காசுக்குத் தகுமா, தகாதா? நீ கார் கம்பெனிக்காரம்லா, நீ சொன்னா கேப்பாவ."

நான் கார் கம்பெனிக்காரன் என்பது என் அம்மா உயிரோடு இருந்தபோது தெரு முழுக்கப் பரப்பிய செய்தி. மறுக்க எனக்கு மனம் வந்ததில்லை. உண்மை என்னவென்றால், ஸ்டுட்கார்ட் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், கார் கம்பெனிகளுக்கு உதிரிச் சாமான் செய்து கொடுக்கும் ஓர் இடத்தில், சீட்டைச் சூடாக்கும் பொத்தானை வடிவமைக்கும் பிரிவில் இருக்கிறேன். சூடாக்குவது வேறு பிரிவு. நான் பொத்தான் மட்டும். அழுத்தினால் விரலுக்கு இதமாக இருக்கிறதா, ‘டிக்’ என்கிற சத்தம் பணக்காரச் சத்தமாகக் கேட்கிறதா என்று பார்ப்பதற்கு எனக்கு மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள். மே மாதம் வண்ணார்பேட்டையில் வெயிலில் நிறுத்திய வண்டியில் ஏறி உட்கார்ந்தவர்கள் இந்த வசதியைப் பொத்தான் இல்லாமலே அனுபவித்திருப்பார்கள்.

ஆகவே, அடி மாடல் காருக்குத் தீர்ப்புச் சொல்ல என்னைவிடத் தகுதி கெட்ட ஆள் கிடையாது. அடி மாடலை எல்லோரும் வாங்க ஆரம்பித்தால் என் வீட்டில் அடுப்பு எரியாது. இருந்தாலும் என் அக்கா ஒருத்தி அடி மாடல் வாங்கினாள். அதை முழுக்க அறிந்தவன் என்கிற முறையில் எழுதுகிறேன்.

2

முதலில் என் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். நான் வைத்திருப்பதும் அடி மாடல்தான்.

இங்கே வண்டி வாங்குவதற்கு முன்னால் ஓட்டத் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும். முருகன்குறிச்சி நெரிசலில் மாட்டையும் ஆட்டோவையும் விலக்கி ஓட்டிய அனுபவத்தை இவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. மறுபடியும் படித்து, மறுபடியும் தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டப் போனேன். தெருமுனையில் ஒரு கிழவர் சைக்கிளில் வந்தார். பாவம், வண்டி வருவது தெரியட்டுமே என்று லேசாக ஆரன் அடித்தேன். பக்கத்தில் இருந்த அதிகாரி நான் அந்தக் கிழவரைக் கெட்ட வார்த்தையில் வைதது போலப் பார்த்தார். அன்றைக்கு எனக்குத் தேர்ச்சி தரவில்லை. ஊரில் ஆரன் அடிப்பதை மரியாதை என்போம்.

இரண்டாவது தடவை ஆரன் பக்கமே கையைக் கொண்டுபோகாமல் தேறி, வண்டியைப் பதிவு செய்யும் ஆபீசுக்குப் போனால், அங்கிருந்த அம்மாளை ‘நீ’ என்று விளித்துவிட்டேன். போனில் மொழி சொல்லிக் கொடுக்கும் செயலி எனக்கு ‘நீ’தான் முதலில் சொல்லிக் கொடுத்திருந்தது. அந்த அம்மாள் என் காகிதங்களில் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தார். கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார். எங்கள் ஊரில் ‘நீ’க்கும் ‘நீங்க’ளுக்கும் நடுவாக ஒரு ‘வே’ போட்டால் யாரிடமும் தப்பித்துவிடலாம், இங்கே அந்த வசதி இல்லை.

அடி மாடல் என்றால் இங்கே காலுக்குக் கீழே போடும் விரிப்புக்குக்கூடத் தனிக் காசு. சீட்டுச் சூடாக்கி கேட்டதற்கு அது மேல் மாடலில்தான் வரும் என்றார்கள். நான்தான் ஐயா அதன் பொத்தானைச் செய்கிறேன் என்றேன். மிகவும் மகிழ்ச்சி, மேல் மாடலில்தான் வரும் என்றார்கள். ஆகவே ஜனவரிக் காலையில் குளிர்ந்து கிடக்கும் சீட்டில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு, பிறத்தியார் புட்டத்தைச் சூடாக்கும் வேலைக்குப் போய்வருகிறேன்.

இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். இந்த வண்டியை யார் யார் ஓட்டுவார்கள்? நானும் என் மனைவி உமாவும் என்றேன். வேறு யாராவது ஓட்டுவதானால் முன்கூட்டியே சொல்ல வேண்டுமாம். சொல்ல அவசியம் வரவில்லை. பன்னிரண்டு வருடத்தில் ஒரு மனிதர் "வண்டியைக் கொஞ்சம் குடுங்க" என்று என் வாசலுக்கு வந்ததில்லை. முதலில் என்ன நாகரிகமான ஜனங்கள் என்று வியந்தேன். அப்புறம் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. நம்மிடம் கேட்பதற்கு ஒருவருக்கும் ஒன்றுமே இல்லையா?

என் மகள் நிலாவுக்கு அந்த வண்டியே வேண்டாம். பதினாறு வயது. கார் என்பதே பூமிக்குச் செய்யும் பாவம் என்கிற கட்சி. ரயிலில்தான் போவாள். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று வகுப்பில் கேட்டால் மின்சாரத் துறை என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். இதை அவள் ஜெர்மனில் சொன்னாள். தமிழில் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். ஜெர்மனில் கோபப்பட எனக்கு இன்னும் வரவில்லை.

3

இனி ஊர்க் கதை.

என் அக்கா காந்திமதி, கணக்கு டீச்சர். அரசுப் பள்ளி. அத்தான் சங்கரன் மின்சார வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அத்தான் குடும்பத்துக்குச் சீவலப்பேரியில் ஒரு காலத்தில் வயல் இருந்தது. வயல் போய் முப்பது வருடம் ஆகிறது. வயல்காரர் தோரணை மட்டும் கைமாறாமல் அத்தானிடமே இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னால் எனக்குச் சம்பளம் உயர்ந்தபோது, அக்காவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றி, கார் வாங்கப் பணம் அனுப்பினேன். அக்காவுக்கு என்றுதான் அனுப்பினேன். வந்தது ஏழு பேர் உட்காரும் வெள்ளை வண்டி, மேலே திறக்கும் கூரையோடு. அத்தான்தான் போய்ப் பார்த்து எடுத்தார். அதில் ஏறுவதற்கு அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு தாவு தாவ வேண்டியிருந்தது.

அவளுக்குத் தாவும் சிரமம் அதிகம் இருக்கவில்லை. வண்டி வீட்டில் இருந்தால்தானே? திருநெல்வேலிப் பக்கம் ஒரு வீட்டில் நல்ல வண்டி நின்றால் அது அந்த வீட்டு வண்டி அல்ல, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் பொது. மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்டார்கள், கொடுத்தார். மறுவீட்டுக்குக் கேட்டார்கள், கொடுத்தார். சடங்கு வீட்டுக்கு, காதுகுத்துக்கு, திருச்செந்தூருக்கு, சீசன் என்றால் குற்றாலத்துக்கு. பிரசவத்துக்குப் போன வண்டி பிள்ளையோடு திரும்பி வந்தது. பெட்ரோல் காலியாக, சீட்டுக்கு அடியில் கடல் மணலோடும் காய்ந்த மல்லிகையோடும் யாரோ ஒருவரின் ஈரத் துண்டோடும் திரும்பி வரும். அக்கா துடைத்து வைப்பாள். மறுநாள் அடுத்தவர் வருவார்.

"வண்டி இருந்துக்கிட்டு இல்லன்னு சொல்ல முடியுமா மாப்ளே?" என்பார் அத்தான், வருத்தம் போன்ற ஒரு பெருமையோடு.

எனக்கும் பெருமைதான், பொய் சொல்லக் கூடாது. வாட்ஸ்அப்பில் படம் படமாக வரும். மாலை போட்ட வண்டி, பூப்பந்து ஒட்டிய வண்டி, மேல்கூரையைத் திறந்து மணப்பெண் எட்டிப் பார்க்கும் வண்டி. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்ப்பேன். எந்தப் படத்திலும் அக்கா இல்லை.

4

அந்த வண்டி வீட்டில் இருந்த காலத்திலேயே அக்காவை ராதாபுரம் பக்கம் மாற்றினார்கள். பாளையங்கோட்டையில் இருந்து காலையில் ஆட்டோ பிடித்துப் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய், வள்ளியூர் பஸ் ஏறி, அங்கே இறங்கி ராதாபுரம் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். முதல் பஸ் கொஞ்சம் தாமதித்தால் இரண்டாவது பஸ் போயிருக்கும். முன்பெல்லாம் நோட்டில் கையெழுத்துப் போடும்போது தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி இருப்பார். இப்போது வருகையைப் போன்தான் பதிகிறது. போனுக்குத் தாட்சண்யம் ஏது? தாமதம் சேர்ந்து சேர்ந்து அரை நாள் விடுப்பாகி, விடுப்பு சேர்ந்து விளக்கம் கேட்கும் கடிதமாகியது.

"பஸ்ஸு வரலன்னு எழுத முடியுமா? எல்லா டீச்சருக்கும் பஸ்ஸுதான். அவ்வோல்லாம் வந்துட்டாவளேங்காவ" என்றாள் அக்கா.

முட்டியும் அவளுக்குச் சரியில்லை. நின்றுகொண்டே வள்ளியூர் வரை போவாள். அப்போது வீட்டு வாசலில் ஏழு பேர் உட்காரும் வண்டி நின்றுகொண்டிருக்கும், அல்லது யார் வீட்டுக்காவது போயிருக்கும்.

கடைசியில் அத்தான் தம்பியின் மச்சினன் அதைப் பாபநாசத்துக்கு எடுத்துப் போனான். அருவியில் குளித்து, கோயிலில் கும்பிட்டு, திரும்பும் வழியில் இறக்கத்தில் ஒரு வளைவுச் சுவரில் ஏற்றினான். ஆட்களுக்குக் கீறல்கூட இல்லை. வண்டி முன்பாதி அப்பளம். அத்தான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அக்காவிடம் பேசினேன். "என்னக்கா இப்படி ஆயிட்டு" என்றேன்.

"இனி துடைக்குத வேல மிச்சம்" என்றாள்.

அத்தான் அடுத்து எடுத்த முடிவு, அக்கா வேலையை விட்டுவிட வேண்டும் என்பது. "எதுக்குக் கிடந்து அலையணும்? விருப்ப ஓய்வு குடுத்துட்டு வீட்டுல இருக்கட்டும். குடும்பத்துல யாரு பொம்பள சம்பாத்தியத்துல சாப்பிட்டா?" என்றார் என்னிடம். யார் சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் பேச்சை மாற்றினோம்.

அன்றைக்கு அக்கா பள்ளிக்கூட இடைவேளையில் தனியாக என்னைக் கூப்பிட்டாள். எதற்கும் கலங்காத குரல் அவளுடையது. அன்றைக்கு உடைந்தது.

"எனக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கத் தவிர ஒண்ணும் தெரியாதுலே. வீட்டுல உக்காந்தா நான் என்ன ஆவேன்னு பயமா இருக்கு. ஒங்க அத்தானும் நானும் நாள் முழுக்க ஒரே வீட்டுல இருந்தா, ரெண்டுல ஒருத்தர் கிறுக்காயிருவோம். அவ்வோ ஆக மாட்டாவ."

அந்த மே மாதம் அவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள்.

5

அவள் ஷோரூமுக்குப் போன அன்றைக்கு நான் வீடியோவில் கூடவே இருந்தேன். வாங்கப் போவது அவள் காசில். யோசனை சொல்ல மூன்று ஆண்கள்: அத்தான், விற்பனைக்காரப் பையன், போனுக்குள் நான்.

அத்தான் கட்சி, பழசில் பெருசு. "இதே காசுக்கு ரெண்டாங்கையில யானை கணக்கா வண்டி கெடைக்கும் மாப்ளே." என் கட்சி, புதுசில் மேல் மாடல். பொத்தான் செய்கிறவன் வேறு என்ன சொல்வான்?

அக்கா நேரே போய், "உங்ககிட்ட உள்ளதுலயே சின்ன வண்டி, அதுலயும் அடி மாடல் எது?" என்று கேட்டாள். பையன் முகத்தில் ஒரு துக்கம் வந்தது.

"அது இங்கன காட்சிக்கு வைக்கதில்ல மேடம். ஆர்டர் போட்டாத்தான் வரும். யாரும் வாங்கமாட்டாவ மேடம். இன்னுங் கொஞ்சம் போட்டா அடுத்த மாடல் வந்துரும்."

"இன்னுங் கொஞ்சம் போட்டா அதுக்கடுத்தது வந்துரும். நான் கணக்கு டீச்சர்ப்பா. அடி மாடலச் சொல்லு."

"அதுல ஏசி வராது மேடம்."

"சரி."

"கண்ணாடி தானா எறங்காது. கைப்பிடியப் புடிச்சுச் சுத்தணும்."

"சுத்திக்கிடுதேன்."

"பாட்டுப் பெட்டி கெடையாது. ஸ்பீக்கரும் கெடையாது."

"பாட்டு நானே பாடிக்கிடுதேன்."

பையன் சிரித்தான். அத்தான் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா பள்ளி ஆண்டுவிழாக்களில் பாடிப் பரிசு வாங்கியவள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பாடி யாரும் கேட்டதில்லை. அத்தானுக்குச் சத்தம் ஆகாது.

"சக்கரத்துக்கு மூடி வராது மேடம். பம்பரு, கதவுக் கைப்பிடியெல்லாம் கறுப்பாவே விட்டிருப்பாவ. பாக்கதுக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும்."

"ஒரு மாதிரின்னா?"

பையன் அத்தானைப் பார்த்துத் தயங்கினான். "கூரியர் வண்டி கணக்கா இருக்கும் மேடம்."

"ரொம்ப நல்லது" என்றாள் அக்கா. உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். "நிறுத்தினா நிக்குமா? மோதினா காத்துப்பை விரியுமா?"

"அதெல்லாம் சட்டப்படி உண்டு மேடம்."

சட்டம் மட்டும் இல்லாவிட்டால் அதையும் மேல் மாடலுக்குத்தான் வைத்திருப்பார்கள். எனக்கு இந்தத் தொழில் தெரியும்.

"ஏளா, சித்த யோசி. நாலு பேரு பாப்பாவ" என்றார் அத்தான்.

"அக்கா, மேல் மாடல் எடு. வித்தியாசத்த நான் அனுப்புதேன்" என்றேன்.

"நீ சும்மா இரிலே. போன தடவை நீ அனுப்பினது போதும்" என்றாள். போனைக் கவிழ்த்து மேஜையில் வைத்துவிட்டாள். அப்புறம் ஷோரூம் மேஜையின் மரப்பலகைதான் எனக்குத் தெரிந்தது.

6

எனக்குக் கோபம். மறுநாள் அவளிடம் கேட்டேன். வசதியே வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? இது என்ன விரதமா?

"போலே மூதி" என்றாள். "ஏசி இருந்தா மாப்பிள்ளை அழைப்புக்குக் கேப்பாவ. பாட்டுப் பெட்டி இருந்தா குத்தாலத்துக்குக் கேப்பாவ. பின்னால எடம் இருந்தா திருச்செந்தூருக்குக் கேப்பாவ. பளபளன்னு இருந்தா சும்மாவே கேப்பாவ. ஒங்க அத்தானுக்கு இல்லன்னு சொல்ல வராது. எனக்கும் வராதுலே, அதான் உண்மை. வாய் வராது. அதனால எனக்குப் பதிலா வண்டியே இல்லன்னு சொல்லட்டும்."

இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். நான் செய்யும் ஒவ்வொரு பொத்தானும் இரவல் கேட்பதற்கு அடிக்கும் அழைப்பிதழ் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வண்டி வந்தது. கறுப்பு பம்பரும் மூடியில்லாத சக்கரமுமாகக் கூரியர் வண்டியைவிடச் சுமாராகவே இருந்தது. எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிய மறுவாரமே சோதனையும் வந்தது. அத்தானின் தங்கை பகவதி மைனி, தன் மகன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு வண்டி கேட்க வந்தார். புது வண்டி என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறார், பார்த்ததில்லை. வெற்றிலை பாக்கு, பூ, பத்திரிகை எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்து, முறையாகக் கேட்டிருக்கிறார்.

அக்கா உடனே சாவியை எடுத்துக் கொடுத்தாள். "நல்லா எடுத்துக்கோங்க மைனி" என்றாள்.

மைனி வாசலுக்குப் போய் வண்டியைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்தார். கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். அது கையோடு கழன்று வந்துவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டார். ஏசி எங்கே என்று கேட்டார்.

"இல்ல மைனி."

"பாட்டு?"

"இல்ல மைனி."

"ஐயே! இதுலயா மாப்ளைய வைக்கது? வேத்து முழுகிருவான். பொண்ணு வீட்டுக்காரன் என்ன நெனைப்பான்?" மைனி அத்தானை ஒரு பார்வை பார்த்தார். ஜெர்மனியில் மச்சினன் இருந்தும் இந்தக் கதியா என்கிற அனுதாபம் அதில் இருந்ததாம். சாவியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, வாடகை வண்டி பேசப் போனார். பத்திரிகையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

"வந்த வேகத்துல சாவி திரும்பிட்டுலே" என்று அக்கா போனில் சிரித்தாள். சின்ன வயதில் கேட்ட அதே சிரிப்பு.

அதற்கப்புறம் யாரும் வரவில்லை. நடுவே ஒரு பெரியப்பா மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ஆட்டோவே தேவல" என்று போய்விட்டான். அத்தான் அந்த வண்டியில் ஏறுவதில்லை. ஆனால் ஒரு காரியம் செய்தார். வண்டிக்கு உறை வாங்கப் போனவர், பெரிய வண்டிக்குப் போடும் உறையாக வாங்கி வந்தார். சாயந்தரம் அக்கா வந்ததும் அதைப் போர்த்தி, தொளதொளவென்று கிடக்கும் இடத்தில் உள்ளே பழைய தலையணை வைத்துத் தூக்கிவிடுகிறார். தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே யானை நிற்பதாகத் தோன்ற வேண்டுமாம்.

குறை இல்லாமல் இல்லை, கேட்டதற்காகச் சொல்கிறேன். நாலுவழிச் சாலையில் லாரி தாண்டும்போது வண்டி நடுங்குகிறது. சத்தம் அதிகம். திரும்ப விற்றால் பெரிதாகக் கிடைக்காது. சாயந்தரம் உள்ளே உட்கார்ந்தால் வேகும். இதையும் அக்காவிடம் சொன்னேன்.

"காலைல வள்ளியூர்க் காத்து ஆளத் தூக்குது, ஏசி எதுக்கு? சாயந்தரம் வேக்காடுதான். பஸ்ஸுல மட்டும் என்ன, ஊட்டியாவா இருந்துச்சு?" என்றாள். விளக்கம் கேட்கும் கடிதம் அதற்கப்புறம் வரவில்லை. விருப்ப ஓய்வு என்கிற பேச்சையும் அத்தான் எடுக்கவில்லை. பத்தாம் வகுப்பில் இந்தத் தடவை எல்லாப் பிள்ளைகளும் கணக்கில் தேறினார்கள் என்று அவரே என்னிடம் சொன்னார், ஏதோ அவரே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த மாதிரி.

7

இந்த ஆகஸ்டில் நிலாவோடு ஊருக்குப் போனேன். உமாவுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. போன மறுநாளே அக்காவிடம், "வண்டியக் குடு, பிள்ளையப் பாபநாசம் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்" என்றேன்.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டுலா?"

"ஒரு நாள் பஸ்ஸுல போயேன்."

என் அக்கா என்னை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. "நீ பஸ்ஸுல போ" என்றாள். "பாபநாசத்துக்குப் புது பஸ் ஸ்டாண்டுல நெறைய நிக்கும். பிள்ளையும் ஊரப் பாக்கும்."

இல்லை என்று சொல்ல வாய் வராது என்றவள்தான். தம்பியிடம் ஆரம்பித்துப் பழகிக்கொண்டாள். நாங்கள் பஸ்ஸில் போனோம். பொதுப் போக்குவரத்து என்று நிலா ஒருத்திதான் மகிழ்ந்தாள்.

ஒருநாள் நிலா அத்தையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கார் பாவம் என்கிற கட்சி என்ன ஆயிற்று என்று கேட்டேன். "இது சின்னப் பாவம்" என்றாள், தமிழில். சாயந்தரம் புழுதியும் வியர்வையுமாகத் திரும்பி வந்தாள். கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்குவதை அவள் பிறந்ததில் இருந்து பார்த்ததில்லை. போகும் வழியெல்லாம் ஏற்றி இறக்கி, அத்தையிடம் திட்டு வாங்கினாளாம். ஒரு புகாரும் வைத்திருந்தாள்.

"பஸ் ஸ்டாப்புல நிறைய பேர் கை காட்டினாங்கப்பா. அத்தை நிறுத்தவே இல்ல."

அக்கா காபி ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "ஒருநா நிறுத்தினா மறுநாளும் நிப்பாவ. அப்பம் அது என் வண்டியில்ல, வள்ளியூர் பஸ்ஸு."

கிளம்பும் நாள் வந்தது. திருவனந்தபுரத்தில் விமானம். அக்கா அன்றைக்கு விடுப்புப் போட்டு வழியனுப்புவாள் என்று எதிர்பார்த்தேன். பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வுக்குப் பாடம் முடியவில்லையாம். வாசலில் நின்று நிலாவைக் கட்டிக்கொண்டாள். எனக்கு ஒரு பை நிறைய அல்வாவும் முறுக்கும் கொடுத்து, "டாக்சி சொல்லியிருக்கேன், கூரை தொறக்கதா, ஏசி உள்ளதா, ஒனக்குப் பிடிச்ச மாதிரி" என்றாள். உறையை உருவி, தலையணைகளை அத்தான் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு முகம் சுண்டித்தான் போயிற்று. கடல் தாண்டி வந்தவனுக்கு ஒரு நாள் விடுப்பு இல்லையா?

கால் மணி நேரம் கழித்து டாக்சி வந்தது. எல்லாப் பொத்தானும் உள்ள வண்டி. நாங்குநேரி தாண்டி, காற்றாலைகள் தெரியத் தொடங்கிய இடத்தில் நிலா என் தோளை உலுக்கினாள்.

"அப்பா, அத்தை!"

முன்னால் இடது ஓரமாக, மூடியில்லாத சக்கரம், கறுப்பு பம்பர், நாலு கண்ணாடியும் இறங்கிய வெள்ளை வண்டி. எங்கள் டாக்சி அதன் பக்கவாட்டில் வந்தது. அக்கா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் முடி பறந்துகொண்டிருந்தது. கூப்பிடலாம் என்று நான் கண்ணாடிப் பொத்தானை அழுத்தினேன். இறங்கவில்லை. மறுபடி அழுத்தினேன். ‘டிக்’ என்று நல்ல பணக்காரச் சத்தம் வந்தது, கண்ணாடி அசையவில்லை.

"ஏசி ஓடுதுல்லா சார், நான்தான் லாக் போட்டிருக்கேன்" என்றார் டிரைவர்.

"தொறங்க, என் அக்கா சார் அது!"

அவர் எதையோ தேடி அழுத்துவதற்குள் நிலா கண்ணாடியைக் கையால் தட்டினாள். நானும் தட்டினேன். அக்கா திரும்பவில்லை. அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. வாய் அகலத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. யாரோடு பேசுகிறாள் என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை.

"அத்தை பாடுறா" என்றாள் நிலா.

என்ன பாட்டு என்று எனக்குத் தெரியாது. தலையை ஆட்டி, தோளை ஆட்டி, ஆண்டுவிழா மேடையில் நின்ற அதே காந்திமதியாகப் பாடிக்கொண்டிருந்தாள். என் கண்ணாடி இறங்கியபோது வள்ளியூர் விலக்கு வந்துவிட்டது. அவள் இடதுபக்க இண்டிகேட்டரைப் போட்டு, ராதாபுரம் ரோட்டில் திரும்பிவிட்டாள். காற்று மட்டும் உள்ளே வந்தது. நான் அழுதேன், டிரைவர் ஏசிக் காற்று வீணாகிறது என்று சொல்லும் வரை அழுதேன்.

ஆகவே, மலர் ஆசிரியர் அவர்களே, அடி மாடல் குடுத்த காசுக்குத் தகுமா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் பொத்தான்காரன். சந்தேகம் உள்ளவர்கள் பள்ளிக்கூடம் இருக்கும் நாளாகப் பார்த்து, காலையில் வள்ளியூர் விலக்கில் போய் நின்று பாருங்கள். கை மட்டும் காட்டாதீர்கள். நிறுத்த மாட்டாள்.